மகள் ஒளித்து வைத்த கிரீம்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் வாங்கிய சிவப்பழகு கிரீமை மூன்று மாதமாக எனக்குத் தெரியாமல் பூசி வந்திருக்கிறாள். கண்டுபிடித்த அன்றே டப்பாவைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். நான்கு நாளில் முகம் சிவந்து எரிகிறது என்று அழுதாள். இப்போது என்னிடம் பேசுவதே இல்லை. எப்படிப் பேச்சைத் தொடங்குவது?
– ஒரு தாய், தக்கலை

பதில்: பேச்சுக்கு முன் மருத்துவர். நிறுத்திய நான்கே நாளில் முகம் எரிகிறது என்றால், அந்தக் கிரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. அது முதலில் முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும். நாளாக ஆகத் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கி, பருவும் பூனைமுடியும் வரும். விட்டாலோ எரியும், எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூசத் தோன்றும். ஆகவே அவள் மீண்டும் ஒளித்துப் பூசினால் அதை அடம் என்று எண்ணிவிடாதீர்கள். சேர்மானம் அச்சிடாத டப்பா என்றால் பாதரசமும் இருக்கக்கூடும். 2023இல் கேரளத்தின் மலப்புறத்தில் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இருக்கிறதா என்று கேளுங்கள். டப்பா குப்பையில் கிடந்தால் எடுத்துக்கொண்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள்.

போகும் பேருந்திலேயே பேச்சைத் தொடங்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்போது, இந்த வயதுப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே சொல்லாததைச் சொல்வார்கள். பிடுங்கி எறிந்ததற்கு முதலில் வருத்தம் தெரிவியுங்கள். பிறகு, "இதை வாங்கணும்னு எப்ப மக்களே தோணிச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி, அதன்பின் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. "நீ அழகாகத்தானே இருக்கிறாய்" என்று அவசரப்பட்டால் அவள் சொல்ல வந்தது அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் ஏதோ கல்யாண வீட்டுப் பேச்சு வெளிவரும். நம் பக்கத்தில் போளியும் பாயசமும் பரிமாறிக்கொண்டே, கன்னத்தைத் தடவி, "பிள்ளை கறுத்துப் போச்சே" என்பதைப் பாசம் என்றே நினைக்கிறோம். (நானும் சொல்லியிருக்கிறேன்.)

தோற்றத்தில் எதையாவது மாற்ற வேண்டும் என்ற ஆசை இந்த வயதுக்கு இயல்பானதுதான். முடியைக் குட்டையாக வெட்டவோ கண்ணாடிச் சட்டத்தை மாற்றவோ கேட்டால் சம்மதியுங்கள். அடுத்த விசேஷத்தில் நிறப்பேச்சு எழுந்தால், மகள் காதுபடவே, "இவகிட்ட நிறத்தைப் பத்திப் பேசாதீங்க மைனி" என்று நீங்கள் சொல்ல வேண்டும்.