தேவைக்கு மேல் பணம் இருந்தும் ஆசை ஏன் அடங்குவதில்லை?

சாப்பாட்டில் வயிறு நிறைந்தால் கை தானாக நின்றுவிடும். பணத்தில் அப்படி 'போதும்' என்று சொல்ல உடம்பில் எதுவும் இல்லை. அது கெட்டுப்போகாது, எதுவாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒப்பீடு என்பேன். ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியில் சோல்னிக், ஹெமன்வே என்ற இருவர் நடத்திய ஆய்வு 1998-இல் வெளியானது. மற்றவர்கள் ஆண்டுக்கு 25,000 டாலர் வாங்கும் இடத்தில் உங்களுக்கு 50,000 வேண்டுமா, அல்லது மற்றவர்கள் 2,00,000 வாங்கும் இடத்தில் 1,00,000 வேண்டுமா என்று கேட்டார்கள். விலைவாசி இரண்டிலும் ஒன்றேதான். ஏறக்குறைய பாதிப் பேர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். வருமானம் பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை, சுற்றியிருப்பவர்களைவிட மேலே இருந்தால் சரி! எத்தனை முறை படித்தாலும் மனதை உறுத்தும் முடிவு இது. ஒப்பிட ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் இந்த ஓட்டத்துக்கு எல்லைக்கோடே கிடையாது.

அப்புறம் பழக்கம். கூடுதல் சம்பளம் தந்த மகிழ்ச்சி சீக்கிரமே சாதாரணமாகி, செலவும் அதற்கேற்ப வளர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். வறுமையில் அடிபட்டவர் நாளைக்கு என்று பயந்து சேர்ப்பதைப் பேராசை என்று நான் சொல்லவே மாட்டேன். அடுத்தவர் கூலியைக் குறைத்தாவது தன் கணக்கை ஏற்றுபவருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.