இனப் பிரிவினை பற்றிய வரலாற்று ஆதாரங்களை ஒப்பிட மாணவர்களுக்கு எப்படிக் கற்றுத்தருவது?

ஒரே நிகழ்ச்சியைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட இரண்டு தாள்களை அருகருகே வைத்து, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்ப்பதுதான் ஒப்பீடு.

தொடங்க நல்ல இடம் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரம், 1955 டிசம்பர் 1. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இருக்கைகள் பிரிக்கப்பட்டிருந்த பேருந்தில், இருக்கையை விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானார். அவர் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்திருந்ததாக ஓட்டுநர் சொன்னதைக் காவல்துறை அறிக்கை அப்படியே பதிகிறது. அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை தயாரித்த துண்டறிக்கையோ, வெள்ளையர் உட்காருவதற்காக எழ மறுத்த ‘இன்னொரு’ கறுப்பினப் பெண் சிறைப்பட்டார் என்கிறது. அந்த ஒரு சொல்லில் மாணவர்களை நிறுத்துங்கள். அதே ஆண்டு மார்ச்சில் 15 வயது கிளாடெட் கால்வினும் இப்படித்தான் கைதானார். அறிக்கைக்கு இது ஒருநாள் வழக்கு. துண்டறிக்கைக்கு நெடுநாள் வலி.

ஏன் இந்த வேறுபாடு? ஒன்று வழக்குப் பதிய எழுதியது, மற்றொன்று பேருந்தைப் புறக்கணிக்க மக்களை அழைத்தது. சாலை விபத்துக்குக் காவல் நிலையத்தில் எழுதும் புகாரும், அடிபட்டவர் வீட்டில் சொல்வதும் ஒன்றாகவா இருக்கும்?

ஒப்பீடு என்றால் இரு தரப்புக்கும் சம நியாயம் வழங்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது வெள்ளையர் வரிசைகளுக்குப் பின்னால்தான், அறிக்கை தவறு என்று மாணவர்கள் தயங்காமல் சொல்லலாம்.