உங்கள் சொலிசிட்டர் அந்த வங்கியின் பேனலில் இருக்கிறாரா? ஹாரோவில் வீடு வாங்கும் தம்பிக்கு

தம்பி, இதே இடத்தில் மாட்டியிருக்கும் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து லண்டன் வந்து நான்கு வருடம் ஆகிறது. ஹாரோவில் ஒரு டெரஸ் வீட்டுக்கு (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு) விலை சொல்லி, ஏற்றுக்கொண்டும் விட்டார்கள். கோயிலில் பழகிய ஒருவர் மூலம் தமிழ் பேசும் சொலிசிட்டர் கிடைத்தார், அவருக்கு முன்பணமும் கட்டியாயிற்று. இப்போது வீட்டுக் கடன் ஏற்பாடு செய்துதரும் மார்ட்கேஜ் புரோக்கர், "அவர் உங்கள் வங்கியின் பேனலில் இல்லை, வேறு ஆளைப் பாருங்கள்" என்கிறார். பேனல் என்றால், வங்கி ஏற்றுக்கொண்ட வக்கீல்களின் பட்டியல். என் வக்கீலை முடிவு செய்ய வங்கி யார், இது நம்மைப் போன்றவர்களை ஒதுக்கும் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோபம் புரிகிறது. ஆனால் நம் ஊர் வழக்கத்தை மனதில் வைத்துப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. ஊரில் வீட்டுக் கடன் வாங்கினால் வங்கியின் பேனல் வக்கீல் ஒருவர் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் பார்த்து லீகல் ஒப்பீனியன் கொடுப்பார். அதற்கான பணம் நம்மிடம் வாங்கினாலும் அவர் வங்கியின் ஆள். நமக்கென்று தனியாக ஒரு வக்கீலையோ பத்திர எழுத்தரையோ நாம் பார்த்துக்கொள்வோம். இங்கிலாந்தில் சாதாரண வீடு வாங்குதலில் அப்படி இரண்டு பேர் கிடையாது. ஒரே சொலிசிட்டர்தான் உங்களுக்கும் உங்கள் வங்கிக்கும் சேர்த்து வேலை செய்வார். அதாவது அவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கட்சிக்காரர்கள். செலவும் நாளும் மிச்சம் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. உங்களுக்கு வக்கீலாக யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. தனக்கு வக்கீல் யார் என்று சொல்லும் உரிமை வங்கிக்கும் உண்டு. இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதால்தான் அந்தப் பட்டியல்.

வங்கி ஏன் இவ்வளவு கவனமாக இருக்கிறது என்று பணம் போகும் வழியைப் பார்த்தால் தெரியும். சாவி கைமாறும் நாளுக்கு முன்பாக உங்கள் சொலிசிட்டர் வங்கிக்கு ஒரு சான்று அனுப்புவார்: பத்திரம் சுத்தம், அடமானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று. அதை நம்பி வங்கி மொத்தக் கடனையும், மூன்று லட்சம் பவுண்டோ நான்கு லட்சமோ, அவர் அலுவலகத்தின் கட்சிக்காரர் கணக்கில் போட்டுவிடும். அந்த நிமிடத்தில் வீடு இன்னும் உங்கள் பெயரில் இல்லை. வங்கியின் அடமானமும் நிலப் பதிவகத்தில் ஏறவில்லை. ஒரு சின்ன அலுவலகத்தின் நேர்மையை மட்டும் நம்பி அவ்வளவு பணம் நிற்கிறது. 2008 நெருக்கடிக்குப் பிறகு பழைய கடன் கோப்புகளைத் திறந்து பார்த்தபோது, மோசடிகளும் கவனக்குறைவும் நிறைய வெளியே வந்தன. அதன்பின் பல வங்கிகள் பட்டியலை இறுக்கத் தொடங்கின.

இறுக்கிய விதம்தான் நம் ஆட்களைப் பாதித்தது. இத்தனை பங்குதாரர்கள் இருக்க வேண்டும், சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி வீட்டுப் பத்திர வேலைக்குத் தரும் சி.க்யூ.எஸ். தரச்சான்று வேண்டும், தொழில் காப்பீடு இவ்வளவுக்கு வேண்டும் என்று ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கணக்கு. தனி ஒருவர் நடத்தும் அலுவலகத்தைச் சில வங்கிகள் சேர்ப்பதே இல்லை. பணத்தைத் தொட இரண்டு கையெழுத்து இல்லாத இடம் என்பது அவர்கள் பயம். வருடத்துக்குச் சில வீடுகள் மட்டும் முடித்துக்கொடுக்கும் அலுவலகங்களை வேலை குறைவு என்று சொல்லியே நீக்கியதும் உண்டு. எச்.எஸ்.பி.சி. 2012 ஜனவரியில் தன் பட்டியலை நாடு முழுவதற்கும் 43 நிறுவனங்களாகக் குறைத்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் விரித்தார்கள். ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் கடைத்தெரு மாடியில் ஒருவரோ இருவரோ நடத்தும் தமிழ் அலுவலகங்கள் இந்த வலையில் எளிதாகச் சிக்குகின்றன. தமிழர் என்பதற்காக யாரும் ஒதுக்கவில்லை. சிறியவர் என்பதற்காக ஒதுக்குகிறார்கள், நம்மவர்களில் பலர் சிறியவர்கள். எனக்கு இது வருத்தம்தான். அம்மா அப்பாவிடம் தமிழில் பேசிப் புரியவைக்கும் ஒரு வக்கீலின் அருமை அந்தக் கணக்கில் எங்கேயும் வராது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பேனலில் இல்லை என்பதற்கு வேலை தெரியாதவர் என்று பொருள் இல்லை. பேனலில் இருப்பவர் போனை எடுப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

நானும் 2014இல் இதே தவறைச் செய்தேன். நல்ல மனிதர், தனியாக அலுவலகம் நடத்தியவர், எங்களுக்கு நெடுநாள் பழக்கம். வங்கியின் கடன் கடிதம் வந்த பிறகுதான் அவர் அந்தப் பட்டியலில் இல்லை என்று தெரிந்தது. அவரை விட மனமில்லாமல், வங்கி தனக்கென்று வேறொரு நிறுவனத்தை வைத்துக்கொள்ளட்டும், அந்தச் செலவையும் நானே தருகிறேன் என்றேன். அதற்கு இங்கே தனிப் பிரதிநிதித்துவம் என்று பெயர். எங்கள் வக்கீல் கேட்டு முடித்த கேள்விகளையெல்லாம் அந்த நிறுவனம் மறுபடி முதலிலிருந்து கேட்டது. ஆறு வாரம் கூடுதலாகப் போனது. விற்பவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். இங்கே இரு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும் 'எக்ஸ்சேஞ்ச்' நடக்கும்வரை இரு பக்கமும் எந்த நேரமும் விலகலாம் என்பதால் அது வெறும் மிரட்டல் இல்லை. என் மனைவி அந்த ஆறு வாரமும் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் வீடு கிடைத்தது, ஆனால் இரண்டு வக்கீல் கட்டணம் கட்டினோம்.

அதனால் உங்களுக்கு நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். முதலில் புரோக்கரிடம், உங்கள் சொலிசிட்டர் பேனலில் இருக்கும் வேறு வங்கி ஏதாவது கிட்டத்தட்ட இதே வட்டிக்குத் தருமா என்று கேளுங்கள். இன்னும் முழு விண்ணப்பம் போகவில்லை என்றால் வங்கியை மாற்றுவதில் பெரிய நஷ்டம் இல்லை. வட்டி வித்தியாசம் அதிகம் என்றால் தயங்காமல் சொலிசிட்டரை மாற்றுங்கள். அவர் இதுவரை செய்த வேலைக்கு மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். முன்பணத்தில் பெரும்பாலும், வீட்டைப் பற்றிய பதிவுகளைத் தேடிப் பார்க்கும் 'சர்ச்' (search) கட்டணம்தான் இருக்கும், அது இன்னும் செலவாகியிருக்காவிட்டால் முழுசாக வரும். அவர் இப்போது பேனலில் சேர விண்ணப்பிக்கிறேன் என்று சொன்னால், மரியாதையாக நன்றி சொல்லிவிடுங்கள். உங்கள் வீடு முடிவதற்குள் அது நடக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

புதியவரைப் பிடிக்கும்போது பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த வங்கிக்கு, இந்தக் கிளையிலிருந்து, இன்றைய தேதியில் நீங்கள் பேனலில் இருக்கிறீர்களா? "எல்லா பெரிய வங்கியும் எங்களிடம் உண்டு" என்ற பதில் போதாது. வங்கியிடமும் புரோக்கர் மூலம் சரிபாருங்கள். சொலிசிட்டர்தான் வேண்டும் என்றில்லை, லைசன்ஸ்டு கன்வேயன்சர் என்று வீட்டுப் பத்திர வேலைக்கென்றே உரிமம் பெற்றவர்களும் இருக்கிறார்கள், அவர்களும் பேனல்களில் வருவார்கள். எஸ்டேட் ஏஜென்ட் ஒருவரைக் கைகாட்டினால், ஆள் அனுப்பியதற்கு ஏஜென்டுக்குப் பணம் போகிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் போகிறது, அதைச் சொல்லவேண்டிய கடமை சொலிசிட்டருக்கு உண்டு. அப்புறம், நடுவில் புரோக்கர் நல்ல வட்டி கிடைத்தது என்று வங்கியை மாற்றினால் இந்தக் கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். இதை மறந்துவிட்டு மாட்டியவர்கள் நிறைய.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். அவர் வங்கிக்கும் வக்கீல் என்பதால், நீங்கள் அவரிடம் சொல்வதில் கடனைப் பாதிக்கக்கூடிய எதையும் அவர் வங்கிக்குத் தெரிவித்தாக வேண்டும். எதைப் பார்க்க வேண்டும், எதைத் தெரிவிக்க வேண்டும் என்று வங்கிகளின் சங்கமான யு.கே. ஃபைனான்ஸ் வெளியிடும் கையேடு ஒன்று இருக்கிறது. முதல் பகுதி எல்லா வங்கிக்கும் பொது, இரண்டாம் பகுதி ஒவ்வொரு வங்கியின் தனி விருப்பம். இணையத்தில் யாரும் படிக்கலாம். விற்பவர் அந்த வீட்டை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் தெரிவிக்க வேண்டும். பேசிய விலை குறைந்தால் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு நேரடியாக உதைக்கப்போவது டெபாசிட் பணம். அப்பா கோவையில் காலிமனை விற்று அனுப்புகிறார் என்றால் அது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் கேட்பார்கள். விற்ற பத்திரம், அவர் வங்கிக் கணக்கு விவரம், அடையாளச் சான்று எல்லாம் கேட்பார்கள். கடன் விண்ணப்பத்தில் "என் சேமிப்பு" என்று எழுதிவிட்டு சொலிசிட்டரிடம் "அப்பா கொடுத்தது" என்று சொன்னால், அவர் வங்கிக்குச் சொல்ல உங்கள் சம்மதம் கேட்பார். நீங்கள் மறுத்தால் வங்கிக்காக வேலை செய்வதை நிறுத்திவிடுவார், விஷயம் அங்கேயே நின்றுவிடும். முதல் நாளே இரண்டு இடத்திலும் ஒரே உண்மையைச் சொல்லுங்கள்.

ஊரில் உங்கள் பெயரில் வீடோ, வீட்டில் பங்கோ இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். முதல் வீடு வாங்குவோருக்கான ஸ்டாம்ப் டூட்டி சலுகை, உலகில் எங்குமே வீடு வைத்திராதவர்களுக்குத்தான். தாத்தா வீட்டில் வந்த பங்கும் கணக்கில் சேரும். அதன் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால் கூடுதலாக 5 சதவீதம் வரி விழவும் வாய்ப்பு உண்டு. ஆகவே இதை விலை பேசும் கட்டத்திலேயே சொலிசிட்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அடுத்த வருடம் அம்மா அப்பா உங்களோடு வந்து தங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். சாவி கைமாறும் கம்ப்ளீஷன் நாளில் அவர்கள் அந்த வீட்டில் குடியேறுவதாக இருந்தால், 17 வயது நிரம்பிய எல்லோரும் தங்கள் உரிமை வங்கியின் அடமானத்துக்குப் பின்னால்தான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். போடும் முன் அவர்கள் தனியாக ஒரு வக்கீலிடம் ஆலோசனை பெறச் சொல்வார்கள். அந்த வேலைக்குப் பேனல் தேவையில்லை. உங்கள் தமிழ் சொலிசிட்டரை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவுக்குத் தமிழில் உட்கார்ந்து விளக்க அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார்.