‘யோ’ எங்கே போயிற்று?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பானிஷ் கற்கத் தொடங்கியிருக்கிறேன். ‘யோ’ என்றால் ‘நான்’ என்று படித்தேன். ஆனால் ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதற்கு ‘மே குஸ்தா எல் கஃபே’ என்கிறார்கள். ‘யோ’ எங்கே போயிற்று? ‘மே குஸ்தா லோஸ் லிப்ரோஸ்’ (எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும்) என்று எழுதியதும் தவறாம். ஏன்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆங்கில வாக்கியத்தை நடுவில் வைத்துக்கொண்டு படிப்பதால் வரும் குழப்பம் இது. ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாய். தமிழில் நீங்கள் ‘நான்’ என்றா தொடங்குகிறீர்கள்? ‘எனக்கு’ என்கிறீர்கள். ‘மே’ அந்த ‘எனக்கு’தான். உனக்கு என்றால் ‘தே’, அவருக்கு ‘லே’, நமக்கு ‘நோஸ்’, அவர்களுக்கு ‘லேஸ்’.

இனி உங்கள் பிழை. தமிழில் ‘பிடிக்கும்’ எதற்கும் மாறாது. காபியும் பிடிக்கும், புத்தகங்களும் பிடிக்கும். ஸ்பானிஷில் பிடித்த பொருள்தான் எழுவாய், வினை அதைப் பார்த்து மாறும். ஆகவே ‘மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்’. இதற்கு ‘பிடிக்கும்’ சரியான துணை அல்ல, ‘வலி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எனக்குத் தலை வலிக்கிறது’, ‘எனக்குக் கால்கள் வலிக்கின்றன’ என்கிறோம் அல்லவா? ‘மே துவேலே லா கபேசா’, ‘மே துவேலென் லோஸ் பியேஸ்’ (பாதங்கள்). அமைப்பு அப்படியே பொருந்துகிறது. ‘என் தலை’ என்று நாம் சொல்லாதது போலவே அவர்களும் இங்கே ‘மி கபேசா’ என்பதில்லை, ‘லா கபேசா’தான்.

ஆங்கிலத்தின் ‘தி’ (the) போலப் பெயருக்கு முன்னால் வரும் அந்த ‘லா’, ‘எல்’, ‘லோஸ்’ ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். தமிழில் இவற்றுக்கு இணை இல்லாததால் நம்மவர்கள் ‘மே குஸ்தா கஃபே’ என்று எழுதிவிடுகிறார்கள். பொதுவாகக் காபியைச் சொன்னாலும் ‘எல்’ வேண்டும். செயலைச் சொல்லும்போது மட்டும் அது வேண்டாம்: ‘மே குஸ்தா காந்தார்’, எனக்குப் பாடப் பிடிக்கும். ‘காந்தார் இ பைலார்’ என்று ஆடலையும் சேர்த்தாலும் ‘குஸ்தா’ ஒருமையிலேயே நிற்கும்.

பெயரைச் சொல்லும்போது இன்னொரு இடறல். ‘மரியாவுக்குக் காபி பிடிக்கும்’ என்பது ‘ஆ மரியா லே குஸ்தா எல் கஃபே’. முன்னால் வரும் ‘ஆ’ நம் ‘-க்கு’ செய்யும் வேலையைச் செய்கிறது. அது வந்துவிட்டதே என்று ‘லே’யை விடக் கூடாது, இரண்டும் வேண்டும். மறுப்பு எளிது: ‘மே’க்கு முன்னால் ‘நோ’ போட்டால் போதும், ‘நோ மே குஸ்தா எல் கஃபே’.

ஆட்களிடம் மட்டும் கவனம். ‘மே குஸ்தாஸ்’ என்பது ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்று சொல்வதுதான், ஆனால் பெரும்பாலும் காதல் ஈர்ப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். உடன் வேலை செய்பவரிடம் நட்பாகச் சொல்ல ‘மே காயெஸ் பியென்’ என்பதைப் பயன்படுத்துங்கள்.