நம்புலாவுக்கு வரும் தம்பிக்கு: சுவாஹிலி போதாது

முந்திரிக் கொள்முதல் வேலைக்காக வட மொசாம்பிக்கின் நம்புலாவுக்கு வருவதாகவும், தான்சானியாவின் தார் எஸ் சலாமில் இருந்ததால் சுவாஹிலி தெரியும் என்றும் எழுதி, ‘எல்லாம் பாண்டு மொழிதானே, சமாளித்துவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. ஆப்பிரிக்காவின் நடுவிலும் கிழக்கிலும் தெற்கிலும் பரவிய ஒரு பெரிய மொழிக்கூட்டத்தைத்தான் பாண்டு என்கிறார்கள். வாடகை, சம்பளம் பற்றியெல்லாம் உங்கள் நிறுவனத்தாரே சொல்வார்கள். மொழியைப் பற்றி மட்டும் எவரும் சொல்லமாட்டார்கள். நான் வந்தபோது கையில் ஒரு போர்த்துகீசியக் கையேட்டைத் தந்து கிடங்குக்கு அனுப்பினார்கள். கொட்டை விற்க வந்தவர்களோ அந்தக் கையேட்டில் இல்லாத மொழியில் பேசினார்கள்.

அது மக்குவா. மொசாம்பிக்கின் ஆட்சிமொழி போர்த்துகீசியமே என்றாலும், நாட்டு மக்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேரின் தாய்மொழி மக்குவாதான். வேறெந்த மொழிக்கும் அங்கே அவ்வளவு பேர் இல்லை. மொழியியலாளர் மால்கம் கத்ரி பாண்டு மொழிகளை வட்டாரவாரியாக வகுத்தபோது சுவாஹிலியை ஜி (G) மண்டலத்திலும், மக்குவாவை லோம்வே, சுவாபோ ஆகியவற்றுடன் பி (P) மண்டலத்தில் 31 என்ற எண்ணிலும் வைத்தார். உறவு இருக்கிறது, தமிழுக்கும் தெலுங்குக்கும் இருப்பதைப் போல. பெயர்ச்சொற்களை வகுப்புகளாகப் பிரித்து, வினை முதலியவற்றையும் அதற்கேற்ப இணங்க வைக்கும் முறை சுவாஹிலி, மக்குவா இரண்டுக்கும் பொது என்பதால், அந்தப் பாடம் உங்களுக்குப் பாதி முடிந்ததாகக் கொள்ளலாம். ஆனால் ஒலிகள் வெகுதூரம் விலகிவிட்டன. சுவாஹிலியில் வினைக்கு முன் வரும் ‘கு’ இங்கே ககரம் தேய்ந்து ‘ஒ’ ஆகிவிட்டது. ‘கிஸ்வாஹிலி’யில் உள்ள ‘கி’க்கு ஈடாக ‘எமக்குவா’வில் ‘எ’ நிற்கிறது. வடக்கே காபோ டெல்காடோ கரையில் பேசப்படும் ம்வானி சுவாஹிலிக்கு மிக நெருக்கமானது. அங்கே உங்கள் சுவாஹிலி உதவும். நம்புலாவின் உட்பகுதிக் கிராமங்களில் அதை நம்பாதீர்கள்.

தமிழர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ‘சங்கு’, ‘பந்து’, ‘அம்பு’ என்னும்போது மெல்லினத்தை அடுத்து நாம் வல்லினத்தைத் தளர்த்தி ஒலிக்கிறோம். அத்தகைய ஒலிகள் நம்புலா மக்குவாவில் இல்லை. மற்றப் பாண்டு மொழிகள் மூக்கொலியோடு தளர்த்திச் சொல்லும் பல இடங்களில் இம்மொழி வன்மையாகவே ஒலிக்கிறது. தெற்கே சோத்தோ, ட்ஸ்வானா மொழிகளிலும் இதைப் போன்ற குணம் உண்டு. ஓர் ஒலியை மூச்சுக் காற்றோடு சொல்வதா, அது இல்லாமல் சொல்வதா என்ற, நம்மிடம் இல்லாத மூச்சொலி வேறுபாடும் இங்கே பொருளை மாற்றும். ஆயினும் தகரத்தையும் டகரத்தையும் பிரித்துச் சொல்லும் பழக்கம் இங்கே கைகொடுக்கும். அதில் போர்த்துகீசியர் தடுமாறுவதை நான் சற்றுப் பெருமையோடு பார்ப்பதுண்டு.

நம்மவர்களில் பலர், பழைய காலனிக்காரர்களைப் போலவே, மக்குவாவை ‘தியலெத்து’ என்று, அதாவது வட்டார வழக்கு என்று, தள்ளிவிட்டு ஆண்டுக்கணக்காக மொழிபெயர்ப்பாளரின் தயவில் விலை பேசுகிறார்கள். அவர்களிடம் ஆலோசனை கேட்காதீர்கள்.

எனக்குக் கற்றுத் தந்தவர் கிடங்கு மேஸ்திரி. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து, மூச்சு படுகிறதா என்று பார்க்கச் சொல்வார். மூட்டை எடை போடும் இடைவெளியில்தான் பாடம். அதே கிடங்கில் தெற்கே தலைநகர் மாபுதோ பக்கத்திலிருந்து வந்த ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவருடைய தாய்மொழி சங்கானா, அதுவும் பாண்டு மொழியே. இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டது போர்த்துகீசியத்தில்தான்.