குன்னக்குடி: வித்வானா, ஜனரஞ்சகக் கலைஞரா?

கேள்வி: குன்னக்குடி வைத்தியநாதன் உண்மையிலேயே பெரிய வயலின் வித்வானா, இல்லை சினிமாப் பாட்டு வாசித்துக் கூட்டம் சேர்த்தவரா?

வயலின் கற்றுக்கொண்ட எட்டு வருடமும் இந்தக் கேள்வியோடுதான் வளர்ந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நல்ல மனிதர், சுருதி விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் குன்னக்குடி பெயரை எடுத்தால் போதும், "அதெல்லாம் கேட்டா கை கெட்டுப்போயிடும்" என்பார். லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் மூவரையும் கேள், அது போதும் என்பார். அந்த மூவரைக் கேட்டதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நாலாவதாக ஒருவரைக் கேட்க விடாமல் தடுத்துவிட்டாரே என்ற வருத்தம் மட்டும் இன்றுவரை இருக்கிறது.

தடையை மீறி ஒருமுறை கேட்டேன். பதினோரு வயது இருக்கும். கோயில் திருவிழாவில் கச்சேரி என்று அப்பா கூட்டிக்கொண்டு போனார். மணல் திடல், உட்கார இடமில்லை. மேடைக்குப் பக்கவாட்டில், கழி கட்டியிருந்த இடத்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்து அவருடைய வலது கை மட்டும் நன்றாகத் தெரிந்தது. நெற்றி நிறைய விபூதி, நடுவில் பெரிய குங்குமம், பட்டுச் சட்டை, இதெல்லாம் அப்புறம்தான் கண்ணில் பட்டது. முதலில் பார்த்தது வில்லைத்தான். எனக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்தது முழு வில்: அடியிலிருந்து நுனிவரை இழு, நுனியிலிருந்து அடிவரை தள்ளு. இவர் நாலு விரற்கடை வில்லில் ஒரு முழு வரியை வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் வில் ஒரு சின்ன வெட்டு வெட்டித் திரும்பியது. அடுத்த வரியில் எழுத்து நீண்டால் வில்லும் நீண்டது. அதனால்தான் பாட்டின் வார்த்தை காதில் விழுந்தது. 'வயலினைப் பேச வைப்பவர்' என்று ஜனங்கள் சொன்னதை நான் வெறும் புகழ்ச்சி என்று நினைத்திருந்தேன். அது கையில் இருக்கிற ஒரு வித்தை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பக்கத்தில் மிருதங்கம் இல்லை, தவில்.

இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. தவில் நாகஸ்வரத்தின் ஜோடி. ஒரு பக்கம் கழியால் அடிப்பார்கள், மறுபக்கம் விரல்களில் கெட்டியான கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். தெருவில், தேர் முன்னால், ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருக்கும் நடுவில் கேட்பதற்கென்றே உண்டான வாத்தியம். வயலினோ நாலு தந்தி, மெல்லிய மரப்பெட்டி. இரண்டையும் ஒரே மேடையில் உட்கார வைத்தால் வயலின் காணாமல் போகும் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். குன்னக்குடி ஒலிபெருக்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதைத் துணிந்து செய்தார். வலையப்பட்டி ஏ.ஆர். சுப்பிரமணியத்தின் தவிலோடு அவர் வாசித்த கச்சேரிகள் தமிழ்நாட்டு ஊர்களில் ஒரு தலைமுறைக்கே பழக்கமானவை.

தவிலைச் சேர்த்ததால் சத்தம் கூடியது என்பது மட்டும் இல்லை. வாசிப்பே மாறியது. மிருதங்கத்துக்கு முன்னால் வாசிக்கும்போது தாளக் கணக்கு உள்ளுக்குள் ஓடும். தவிலுக்கு முன்னால் கணக்கை முகத்துக்கு நேரே போட்டாக வேண்டும். அவர் ஒரு சுரக்கோவையை வீசினால் தவில் அதை அப்படியே பிடித்துத் திருப்பி அடிக்கும். உடனே அவர் அதில் பாதியை மட்டும் எடுத்து வாசித்துவிட்டு நிறுத்தி, தவில்காரரைப் பார்ப்பார். கூட்டமும் அவரைப் பார்க்கும். தாளம் என்றால் என்னவென்று தெரியாதவனுக்கும் அங்கே ஒரு வழக்காடல் நடப்பது புரியும். என் அப்பாவுக்கு ராகம் ஒன்றுகூடப் பெயர் தெரியாது. அன்றைக்கு மூன்று மணி நேரம் நின்றபடி கேட்டார்.

அவர் பிறந்த ஊரை நினைத்தால் இது ஆச்சரியமில்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் குன்னக்குடி, மலைமேல் சண்முகநாதர் கோயில். 1935 மார்ச் 2ஆம் தேதி பிறந்தார். அப்பா ராமசாமி சாஸ்திரிகள்தான் முதல் குரு. பன்னிரண்டு வயதிலேயே மேடையேறி, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்ற பெரியவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். அரியக்குடிக்கு வாசிப்பது என்றால் சும்மா இல்லை. கச்சேரி இன்றைக்கு எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசையை அமைத்துக்கொடுத்தவர் அவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஈடுகொடுக்க இலக்கண சுத்தம் இல்லாமல் முடியாது. 'சாஸ்திரம் தெரியாதவர்' என்று குன்னக்குடியைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

பக்கவாத்தியம் என்றால் என்ன என்பதையும் வாசித்தவர்களுக்குத்தான் தெரியும். பாடகர் அடுத்து எங்கே போவார் என்று தெரியாது. அவர் விட்ட இடத்தில் பிடித்து, அவர் அளவுக்கு மேல் போகாமல், அவர் நிறுத்தும்போது நிறுத்த வேண்டும். ராக ஆலாபனை, அதாவது தாளமும் வார்த்தையும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது, அவர் இருபது நிமிடம் செய்தால் நமக்கு எட்டு நிமிடம். நன்றாக வாசித்தாலும் 'பக்கபலமாக இருந்தது' என்று ஒரு வரியில் விமரிசனம் முடியும். குன்னக்குடி இதைப் பல வருடம் செய்துவிட்டு, 1976இல் போதும் என்று நிறுத்தினார். அதற்கப்புறம் தனிக் கச்சேரிதான். பாடகர்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நடுவில் எழுந்து வந்து, 'இனி நானே நடுவில் உட்காருகிறேன்' என்று சொல்ல ஒரு வயலின்காரருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முன்பே சினிமாவுக்குப் போய்விட்டிருந்தார். ஏ.பி. நாகராஜனின் 'வா ராஜா வா' 1969இல் வந்தது, மாமல்லபுரத்தில் நடக்கிற கதை. அதற்கு அவர்தான் இசை. அடுத்து 'திருமலை தென்குமரி' (1970), 'அகத்தியர்' (1972), சின்னப்பா தேவரின் 'தெய்வம்' (1972), தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' (1973). பக்திப் படத்துக்குத்தான் லாயக்கு என்று முத்திரை குத்திவிட முடியாதபடி 1975இல் 'மேல்நாட்டு மருமகள்' செய்தார், அதில் உஷா உதுப்பை ஆங்கிலத்தில் பாட வைத்தார். 1977இல் எம்.ஜி.ஆர். படம், 'நவரத்தினம்'. இந்தப் பட்டியலை வேகமாகக் கடந்துவிடுகிறேன், எல்லாமே தேடினால் கிடைக்கிறது. இரண்டு பாட்டுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, 'அகத்தியர்' படத்தில் அகத்தியரும் ராவணனும் மோதும் இசைப் போட்டி. சீர்காழி கோவிந்தராஜன் ஒரு பக்கம், டி.எம். சௌந்தரராஜன் ஒரு பக்கம். ராகம் மாறிக்கொண்டே வரும். ராகமாலிகை என்றால் பொதுவாக ஒரு ராகத்திலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாக இறங்குவார்கள். இங்கே ஒவ்வொரு ராகமும் எதிராளிக்கு விடும் சவாலாக வந்து விழுகிறது. ராகப் பெயர்கள் பாட்டுக்குள்ளேயே வருவதால், பல வீடுகளில் பிள்ளைகளுக்கு முதல் ராகப் பாடமே அந்தப் பாட்டுதான். எனக்கும் அப்படித்தான்.

இன்னொன்று 'தெய்வம்' படத்தில் மதுரை சோமு பாடிய 'மருதமலை மாமணியே'. தர்பாரி கானடா. கண்ணதாசன் பாட்டு. சோமு கச்சேரி மேடையில் எப்படிக் கண்ணீர் வரப் பாடுவாரோ, அதை ஒரு துளியும் குறைக்காமல் சினிமாவுக்குள் கொண்டுவந்துவிட்டார் குன்னக்குடி. சினிமாவுக்காக வித்வானை வளைக்கவில்லை. முதலில் தாளமில்லாமல் விருத்தம் மாதிரி வருகிறது, அப்புறம் பாட்டு, அப்புறம் சுரங்கள், கடைசியில் வேகம் ஏறி உச்சத்தில் போய் முடிகிறது. கச்சேரியின் போக்கு முழுவதும் சில நிமிடங்களுக்குள் இருக்கிறது. அந்தப் படமே ஒவ்வொரு முருகன் கோயிலுக்கும் ஒரு குரலைத் தேர்ந்தெடுத்த படம். சூலமங்கலம் சகோதரிகள், பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணியம்மாள் என்று எல்லோரும் அவரவர் பாணியிலேயே பாடினார்கள். இத்தனை பேருடைய பாணியையும் கெடுக்காமல் ஒரே படத்தில் கோக்க முடிந்தது என்றால், பக்கவாத்தியமாக உட்கார்ந்து பிறர் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

1983இல் 'தோடி ராகம்' என்று ஒரு படத்தைத் தானே தயாரித்து, பாடகர் டி.என். சேஷகோபாலனை நாயகனாக நடிக்க வைத்தார். கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்பவரை வைத்து, ஒரு ராகத்தின் பெயரையே படத்துக்கு வைத்து, சொந்தப் பணத்தைப் போடுவது லாபக் கணக்குப் போடும் மனிதர் செய்கிற வேலை இல்லை.

மேடைக்கு வெளியேயும் நிறையச் செய்தார். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் செயலாளராக இருந்தார். ராக ஆய்வு மையம் ஒன்றை அமைத்து, ராகங்களால் நோயாளிகளுக்கு என்ன பலன் கிடைக்கிறது என்று பார்க்க முயன்றார். இந்த ராகத்துக்கு இந்த நோய் தீரும் என்கிற அளவுக்குப் போகும் பேச்சுகளை நான் ஏற்கமாட்டேன். வலியோடு படுத்திருப்பவருக்கு அமைதியான ஓர் ஆலாபனை இதம் தரும் என்பதில் சந்தேகமில்லை. ஒரு வித்வான் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தாரே என்பதற்காக மதிக்கிறேன்.

திருவையாற்றைச் சொல்லாமல் விட முடியாது. தியாகப்பிரம்ம மகோத்சவ சபையின் செயலாளராகப் பல வருடம் இருந்தார். காவிரிக் கரையில், பெங்களூர் நாகரத்னம்மா எழுப்பிய தியாகராஜர் சந்நிதி முன்னால், அவருடைய நினைவு நாளான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலையில் பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடுவார்கள் அல்லவா? நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து. நூற்றுக்கணக்கானவர்கள் எதிரெதிரே வரிசையாக உட்கார்ந்து, ஒரே குரலாகப் பாடுவது. தொலைக்காட்சி ஒளிபரப்பில் கேமரா அந்த வரிசையில் நகரும்போது, வயலினோடு குன்னக்குடி முகம் வருவதற்காக நான் காத்திருந்த வருடங்கள் உண்டு. திருவிழாத் திடலில் தவிலோடு விளையாடிய அதே கை அங்கே எல்லோரோடும் சேர்ந்து, கீர்த்தனையில் இருப்பதற்கு மேல் ஒரு சங்கதி (ஒரே வரியை மெருகேற்றி மாற்றி வாசிப்பது) கூடக் கூட்டாமல் வாசித்துக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு என்று தெரிந்த கை அது.

குறை இல்லையா என்றால், உண்டு. அவருடைய கடைசிக் காலக் கச்சேரிகளில் கைதட்டலுக்கான துணுக்குகள் அதிகமாகிவிட்டன என்று நானும் நினைக்கிறேன். ஒரு தோடியையோ காம்போதியையோ எடுத்து முக்கால் மணி நேரம் யாரையும் பார்க்காமல் வாசித்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. மேடைக்கு வரும் துண்டுச் சீட்டுகளில் பாதி சினிமாப் பாட்டுதான் இருக்கும், அவர் ஒன்றையும் ஒதுக்கமாட்டார். நான் நின்று கேட்ட அந்த இரவிலும் அப்படித்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கேட்ட சினிமாப் பாட்டை நேராக ஆரம்பிக்கவில்லை. அது எந்த ராகத்தில் இருக்கிறதோ அந்த ராகத்தை முதலில் இரண்டு நிமிடம் வாசித்தார். கூட்டம் எந்தப் பாட்டு வரப்போகிறது என்று ஊகித்துக்கொண்டே அந்த ராகத்தைக் கேட்டது. ஊகம் சரியாக வந்ததும் திடல் முழுக்க ஒரு சிரிப்பு. சங்கீத சபாவுக்குள் கால் வைத்திராத இரண்டாயிரம் பேர் ராகம் கண்டுபிடித்த இரவு அது.

அதனால் என் பதில்: பெரிய வித்வான், சந்தேகமே வேண்டாம். கூட்டமும் சேர்த்தார், அதுவும் உண்மை. ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்க முடியாது என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பத்மஸ்ரீ வாங்கினார், 2008 செப்டம்பர் 8 அன்று சென்னையில் காலமானார். வயது எழுபத்து மூன்று.

கேட்க ஆரம்பிப்பதாக இருந்தால், வலையப்பட்டி தவிலோடு அவர் வாசித்த பதிவு ஏதாவது ஒன்றை எடுங்கள். முதல் தடவை தவிலையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது தடவை வில் எங்கே திரும்புகிறது என்பதை மட்டும் பின்தொடருங்கள். தெரிந்த பாட்டாக இருந்தால், வார்த்தைகளை மனசுக்குள் சொல்லிக்கொண்டே கேளுங்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் வில் திரும்புவது உங்களுக்கே கேட்கும்.