635001-உம் 636701-உம்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊரான கிருஷ்ணகிரியை விட்டு, வேலை காரணமாகத் தர்மபுரிக்குக் குடிவந்திருக்கிறேன். பழைய பின்கோடு 635001-இன் இலக்கங்களை ஓரிலக்கம் வரும்வரை கூட்டினால் 6. புதிய 636701-இல் 5. சுக்கிரனை விட்டுப் புதனிடம் வந்திருப்பதாக ஜோதிடர் சொல்கிறார். இவ்வெண்களுக்குக் கணிதச் சிறப்பு உண்டா? இரண்டும் பகா எண்கள் அல்ல என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ச., தர்மபுரி

அன்புள்ள ச.,

இலக்கங்களின் கூட்டல் நாம் பத்தின் அடிப்படையில் எழுதுவதால் வருவது. அதே 635001-ஐ எட்டின் அடிப்படையில் எழுதினால் 2330171. கூட்டிப் பாருங்கள், 8 வரும்; சுக்கிரன் போய்ச் சனி வந்து நிற்பார். ஜோதிடருக்கு இது போதும்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடைசி வரியால். பகா எண் அல்ல என்றால் எவற்றின் பெருக்கல் என்று கேட்கத் தோன்றவில்லையா? காரணிகளைத் தேடுவது கடினம், பொதுக் காரணியைக் காண்பது எளிது என்பதைத்தான் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஓர் எண் இரண்டையும் மீதியின்றி வகுத்தால், அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே ஆக வேண்டும். ஆகவே பெரிய எண்ணை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 1700-ஐ எழுதலாம். 635001-ஐ 1700-ஆல் வகுத்தால் மீதி 901. இப்படியே பெரியதைச் சிறியதால் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் 799, 102, 85, 17. பதினேழு 85-ஐ மீதியின்றி வகுக்கிறது, வேலை முடிந்தது: இரண்டுக்கும் மிகப் பெரிய பொதுக் காரணி 17. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இதை எழுதி 2300 ஆண்டுகள் ஆகின்றன.

கிருஷ்ணகிரியில் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியர், வலக்கையில் சுண்ணக்கட்டியும் இடக்கையில் துண்டுமாக நின்று, புதிய மீதி எழுதிய மறுகணம் பெரிய எண்ணைத் துடைத்துவிடுவார். கரும்பலகையில் எப்போதும் இரண்டே எண்கள்தான் இருக்கும். முதலிலேயே காரணிப்படுத்தத் தொடங்கும் பையனின் காது சிவந்துவிடும். அந்த அவசரத்துக்கு என் காதும் விலை கொடுத்திருக்கிறது.

காரணி தேடுவதற்கும் பொதுக் காரணி காண்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை அற்பமாக நினைக்காதீர்கள். 1977-இல் உருவான ஆர்.எஸ்.ஏ. மறையாக்கம் (செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் முறை), இரு பெரும் பகா எண்களின் பெருக்கலை உடைப்பது கடினம் என்பதை நம்பியே நிற்கிறது. அந்தப் பெருக்கல்தான் திறவுகோலில் வெளிப்படையாக இருக்கும் எண். ஆனால் இரண்டு திறவுகோல்கள் ஒரு பகாக் காரணியைப் பகிர்ந்துகொண்டால், ஆசிரியரின் கழித்தலே இரண்டையும் திறந்துவிடும். 2012-இல் ஆய்வாளர்கள் இணையத்தில் திரட்டிய திறவுகோல்களில் ஆயிரக்கணக்கானவற்றை இப்படித்தான் உடைத்தார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 636701 = 13 × 17 × 43 × 67. 635001 = 3 × 17 × 12451; இதில் 12451 பகா எண், 111 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். இரண்டிலும் 17 இருப்பதில் அஞ்சல் துறைக்கு எந்தப் பங்கும் இல்லை, ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்து 635001-ஐயும் ஓசூரின் 635109-ஐயும் தாளில் எழுதிக் கழித்துக்கொண்டே போய், கிடைத்ததை எனக்கு அனுப்புங்கள். செயலியில் பார்த்தீர்களானால் அனுப்ப வேண்டாம்.